வேருக்கு வேண்டிய நிலம்

வங்காள விரிகுடாவில் உருவாகும் புயல்களில் பல, சென்னையை நோக்கி வருவதுபோல் வந்து, கடைசி நேரத்தில் ஆந்திரக் கரைக்கோ நாகப்பட்டினத்துப் பக்கமோ திரும்பிவிடுவதை ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய நகரத்து ஜனங்கள், 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி திங்கட்கிழமை பிற்பகலில் கரையேறிய வர்தா புயலைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தபோதிலும், அதன் விளைவு எத்தகையது என்பதை மறுநாட் காலையில் தெருவில் இறங்கிப் பார்த்த பிறகே முழுமையாக உணர்ந்தார்கள். மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 120 கிலோமீட்டர் வேகத்திலும் வீசிய அந்தக் காற்று கட்டடங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டது, மரங்களை விடவில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவிலும், கிண்டிக் காட்டிலும், நகரத்துச் சாலையோரங்களிலும் பல்லாயிரம் விருட்சங்கள் வேரோடு பெயர்ந்து கிடந்தன. ஆவடிக்கு மேற்கே, அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி, இந்துக் கல்லூரியையும் மிலிட்டரி சைடிங்கையும் தன்னகத்தே கொண்டு, பாதி ஊராகவும் பாதி நகரமாகவும் வளர்ந்துவரும் பட்டாபிராமும் அன்றைய சேதத்துக்கு விலக்காக இருக்கவில்லை.

இத்தகைய சேதத்துக்குப் பிறகு எந்த ஊரிலும் முதலில் எழுவது, இழந்ததை மீண்டும் பெறவேண்டும் என்ற ஆவல். விழுந்த மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று என்ற கணக்கில் குழிகள் வெட்டப்படுகின்றன. கூண்டுகள் வந்து இறங்குகின்றன. மாணவர்களும் குடியிருப்போர் சங்கத்தாரும் உற்சாகத்துடன் வரிசையில் நிற்கிறார்கள். இந்த உற்சாகம் விலைமதிப்பற்றது. ஆயினும், விழுந்த மரம் ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு விடை காணாமல், அது விழுந்த அதே இடத்தில், அதே அளவுக் குழியில், புதிய கன்றை நடுவோமாயின், இன்னும் இருபது முப்பது ஆண்டுகளில் வரப்போகும் மற்றொரு புயலுக்கு விழுவதற்கென்றே ஒரு மரத்தை நாம் வளர்க்கிறோம் என்றுதான் சொல்லவேண்டும். காற்றை எதிர்த்து நிற்கும் ஆற்றல் மரத்துக்கு நிலத்தின் அடியில், மனிதன் அதற்கு விட்டுக்கொடுக்கும் மண்ணில்தான் உருவாகிறது. ஆகவே மறுநடவு என்ற காரியத்தை மண்ணிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது.

காற்றின் வேகம் இருமடங்கானால் அது ஒரு பொருளைத் தள்ளும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பது இயற்பியலின் பழைய பாடம். சாதாரணமாக மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் அசைந்தாடிக்கொண்டிருக்கும் ஒரு தூங்குமூஞ்சி மரம், 120 கிலோமீட்டர் வேகக் காற்றில் பதினாறு மடங்கு விசையைத் தாங்கவேண்டியிருக்கும். இலைகள் மடிந்தும் சிறு கிளைகள் வளைந்தும் காற்றுக்கு வழிவிடுவதனால் உண்மையில் இந்தப் பெருக்கம் சற்றுக் குறைகிறது என்றாலும், அது சாமானியமான பாரமன்று. அந்த விசை தாக்குவதோ தரையிலிருந்து நாற்பது ஐம்பது அடி உயரத்திலுள்ள தழைக் கவிகையை. ஆகவே அடிமரம் முழுவதும் ஒரு நெம்புகோலாகி, வேரை நிலத்திலிருந்து பெயர்க்க முயல்கிறது. மரத்துக்கு ஆணிவேர் ஒன்று உண்டு, அது மரத்தின் உயரத்துக்குச் சமமான ஆழத்தில் இறங்கியிருக்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முளைக்கும் பருவத்தில் ஆணிவேர் முக்கியமானதே. ஆனால் முதிர்ந்த மரங்கள் பெரும்பாலானவற்றின் வேர்த்திரளில் மிகுதியான பங்கு மேல்மண்ணின் மூன்றடி ஆழத்துக்குள்ளேயே, தாம்பாளம் போலப் பக்கவாட்டில் விரிந்து, கிளைகளின் விளிம்பையும் கடந்து பரவியிருக்கிறது.

இந்த வேர்ப்பரப்பு காற்றை எவ்வாறு எதிர்க்கிறது என்பதை 1980-களில் பிரிட்டனின் வன ஆராய்ச்சியாளர்கள், நின்ற மரங்களை உருக்குக் கம்பியால் இழுத்துச் சாய்த்துப் படிப்படியாக அளந்து பார்த்தார்கள். வேரோடு பற்றிக்கொண்டு எழும் மண்ணின் எடை ஒரு பங்கு. அடியிலுள்ள மண்ணின் பிடிப்பு ஒரு பங்கு. காற்று செல்லும் திசையில், மரம் சாயும் பக்கத்தில், கீல்போல் வளையும் வேர்களின் விறைப்பு ஒரு பங்கு. ஆனால் எல்லாவற்றிலும் மிகப் பெரிய பங்கு, காற்று வரும் பக்கத்தில் இழுபட்டு நிற்கும் வேர்களுடையது என்று அவர்கள் கண்டார்கள். சாலையோர மரங்களின் விதியை அறிய விரும்புவோர் மறக்கக்கூடாத விவரம் இது. ஒரு மரத்தின் ஒரு பக்கத்து வேர்களை நாம் வெட்டிவிட்டால், அந்தப் பக்கத்திலிருந்து காற்று வராத வரையில் மரம் சுகமாக இருப்பதுபோலவே தோன்றும்.

வர்தாவின் நாளில் காற்று ஒரே பக்கத்திலிருந்து வரவில்லை. புயலின் மையமான கண் நகரத்தின்மீது கடந்தபோது சிறிது நேரம் அமைதி நிலவியதும், அதற்குமுன் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசிய காற்று அந்த அமைதிக்குப் பின்னர் தெற்குப் பக்கத்திலிருந்து வீசத் தொடங்கியதும் அன்று சென்னையில் இருந்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும். முதற்பாதியில் ஒரு புறத்து வேர்கள் இழுபட்டு, மழையில் நனைந்த மண் தளர்ந்திருந்த நிலையில், இரண்டாம் பாதியில் எதிர்த்திசையிலிருந்து தாக்குதல் வந்தது. எல்லாத் திசையிலும் தாராளமாக வேர் விட்டிருந்த மரத்துக்கே அது கடுமையான பரீட்சை; ஒரு புறம் சுவரும் மறுபுறம் சாக்கடையுமாக நெருக்கப்பட்டிருந்த மரத்தின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

விழுந்தவை எவை என்று பார்த்தால், மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையும், அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த தூங்குமூஞ்சியும், மஞ்சட் பூச் சொரியும் பெருங்கொன்றையும் முன்னணியில் நின்றன. விரைவில் நிழல் தரும் என்ற காரணத்தால் நம் சாலைகளில் இவை நிரப்பப்பட்டன. விரைவாக வளரும் மரத்தில் கட்டை மென்மையாகவும் கவிகை அகலமாகவும் அமைவது இயல்பு. இதிலிருந்து, அந்நிய மரம் விழும், நாட்டு மரம் நிற்கும் என்ற சுருக்கமான சூத்திரத்தைப் பலர் வகுத்துக்கொண்டார்கள். அதில் உண்மை உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில், 1992-ஆம் ஆண்டு ஆண்ட்ரூ சூறாவளி முதற்கொண்டு பல சூறாவளிகளுக்குப் பின் மரங்களைக் கணக்கெடுத்த பல்கலைக்கழக ஆய்வாளரும் அந்தந்த நிலத்துக்குரிய மரங்கள் பொதுவாக நன்றாகத் தாக்குப்பிடித்ததைக் கண்டார்கள். ஆனால் அவர்கள் அத்துடன் நிற்கவில்லை: தனித்து நின்ற மரங்களைவிடக் கூட்டமாக நின்றவை அதிகம் தப்பின என்றும், வேருக்கு அதிக இடம் பெற்ற மரங்கள் அதிகம் தப்பின என்றும், இளமையிலிருந்தே முறையாகக் கவாத்துச் செய்யப்பட்டவை அதிகம் தப்பின என்றும் சேர்த்தே சொன்னார்கள். சென்னையிலும் வேம்பும் புங்கமும் விழத்தான் விழுந்தன. சிமென்டுக் கல் பாவிய நடைபாதையில் இரண்டடிச் சதுரக் குழிக்குள் அடைக்கப்பட்ட வேம்பு, தன் நாட்டிலேயே இருந்தும் அகதியாக இருக்கிறது.

மண்ணின் மகத்துவத்தை உலகுக்குக் காட்டிய ஒரு மரத்தின் வரலாற்றை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1987-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் விடியுமுன் தென் இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல் அந்தப் பிரதேசத்தில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்தது. லண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 700 மரங்கள் அழிந்தன. அங்கே டர்னர் ஓக் என்ற பெயருடைய, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நடப்பட்ட ஒரு முதுமரம், புயலுக்கு முன்பே சில காலமாக நலிந்து, தோட்டக்காரர்களுக்குக் கவலை தந்துகொண்டிருந்தது. புயல் அதை வேர்த்தட்டோடு மேலே தூக்கி, என்ன விந்தையோ, சாய்க்காமல் அதே குழியில் மீண்டும் அமர்த்திவிட்டது. நூற்றுக்கணக்கான மரங்களை அப்புறப்படுத்தும் வேலை குவிந்திருந்தபடியால், இதற்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, பிற்பாடு கவனிக்கலாம் என்று விட்டுவைத்தார்கள். மூன்றாண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, சாகக் கிடந்த மரம் பல ஆண்டுகளில் காணாத செழிப்புடன் தழைத்திருந்தது. தோட்டத்தின் மரங்களுக்குப் பொறுப்பாயிருந்த டோனி கிர்க்கம் காரணத்தை ஆராய்ந்தார். நெடுங்காலமாகப் பார்வையாளர்களின் காலடிகள் அதன் அடிமண்ணை இறுக்கிவிட்டிருந்தன. வேர்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. புயல் அந்த மண்ணைத் தளர்த்திக் காற்றையும் நீரையும் உள்ளே விட்டது. அன்றுமுதல் கியூவில் முதுமரங்களின் அடியில் அழுத்தக் காற்றைச் செலுத்தி மண்ணைத் தளர்த்துவது ஒரு வைத்திய முறையாகவே ஏற்பட்டுவிட்டது.

நல்ல மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அந்த நுண்துளைகளில் நீரும் காற்றும் மாறி மாறி நிறைந்திருக்கின்றன. இலை மூச்சு விடுவதுபோல வேரும் பிராணவாயுவை உட்கொண்டுதான் வாழ்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. லாரியும் உருளையும் ஏறி அந்தத் துளைகளை மூடிவிட்டால், வேர் கீழே இறங்க முயலாமல், காற்றுக் கிடைக்கும் மேற்பரப்பிலேயே, நடைபாதைக் கல்லுக்கு அடியிலேயே ஊர்ந்து செல்கிறது. கல்லைத் தூக்குகிறது என்று அதையும் வெட்டுகிறோம்.

பட்டாபிராமின் நிலைமையை இந்த அறிவுடன் பார்க்கவேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்வரை வயல்களும் ஏரிப் பாசன நிலங்களும் சூழ்ந்திருந்த இந்தப் பகுதி, 2019-இல் ஆவடி மாநகராட்சியாக உயர்ந்த பிறகும், 2024 நவம்பரில் இருபத்தொரு மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகும், முன்னிலும் வேகமாகக் கட்டடங்களால் நிறைந்துவருகிறது. குடிநீர்க் குழாய்க்கு ஒரு பள்ளம், பாதாளச் சாக்கடைக்கு ஒரு பள்ளம், தொலைபேசிக் கம்பிக்கு ஒரு பள்ளம் என்று எல்லாம் அவசியமான காரியங்களே ஆனாலும், அவை யாவும் மரத்தின் ஒரே பக்கத்தில், அடிமரத்தை உரசிக்கொண்டு போகும்போது, அந்தப் பக்கத்து வேர்கள் மொத்தமாக அறுபடுகின்றன. ஜே.சி.பி. இயந்திரத்தின் வாளிக்கு வேர் என்றும் கல் என்றும் வித்தியாசம் தெரியாது. மரத்திலிருந்து சில அடிகள் தள்ளியோ, அல்லது வேருக்கு அடியில் துளையிட்டோ குழாயைக் கொண்டுபோவது செய்யக்கூடிய காரியம். அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு அந்தத் தெருவில் குடியிருப்போருடையது.

ஆகவே எங்கே நடுவது என்பதே, எதை நடுவது என்பதற்கு முன் தீர்மானிக்கவேண்டிய விஷயம். குறுகிய தெருக்களில், மின்கம்பிக்கு நேர் கீழே, பேருருவம் கொள்ளும் மரத்தை நட்டுவிட்டுப் பிறகு ஆண்டுதோறும் ஒரு பக்கமாக வெட்டி அதன் சமநிலையைக் கெடுப்பதைக் காட்டிலும், அங்கே பூவரசு, மகிழம் போன்ற அடக்கமான மரங்களைத் தேர்ந்து, வேருக்கு நீண்ட பட்டையாக மண்ணைத் திறந்துவிடுவதே விவேகம். ஆலும் அரசும் மருதும் இலுப்பையும் நாவலும் வளர உரிய இடங்கள் கல்லூரி மைதானத்தின் ஓரங்கள், பள்ளிக்கூட வளாகங்கள், கோயில் நிலங்கள், ஏரிக்கரைகள், ரயில்வேயும் இராணுவமும் காத்துவரும் விசாலமான நிலங்கள். அங்கே அவற்றைத் தனித்தனியாக நடாமல் கூட்டமாக நடவேண்டும். ஜப்பானியத் தாவரவியலார் அகிரா மியாவாக்கி வகுத்த அடர்நடவு முறையில் சென்னை மாநகராட்சி 2020 முதல் குறுங்காடுகளை உண்டாக்கிவருகிறது. காலி நிலத்துக்கு அது தக்கது, தெருவுக்குத் தக்கதன்று என்பது என் அபிப்பிராயம்.

பனையைப் பற்றித் தனியே சொல்லாவிட்டால் இந்த விஷயம் பூர்த்தியாகாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. அதே மாவட்டங்களில் பனைகள் பெரும்பாலும் நின்றன. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள்தாம். ஆனால் மேலோட்டமான பாசன நீரில் வளரும் தென்னையின் வேர் ஈரத்தைத் தேடி ஆழம் போகவேண்டிய அவசியமில்லை. வானம் பார்த்த பனைக்கு அந்தச் சலுகை இல்லை. அதிலும், பனங்கொட்டை முளைக்கும்போது இலையை மேலே அனுப்புவதற்கு முன்பே முளையை நிலத்துக்குள் ஆழமாக இறக்கிவிடுகிறது. நாம் பிடுங்கி அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அந்த முயற்சியின் சேமிப்பே. தரைக்கு மேல் அடிமரம் என்று ஒன்று தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்த வளர்முறையினால் பனையைக் கன்றாக வளர்த்துப் பெயர்த்து நடுவது மிகவும் கடினம். எந்த இடத்தில் அது நிற்கவேண்டுமோ அந்த இடத்திலேயே கொட்டையைப் புதைக்கவேண்டும். ஏரிக்கரையில் மாணவர்கள் ஒரு பையில் கொட்டைகளுடன் ஒரு காலைப்பொழுதில் செய்யக்கூடிய இக்காரியத்துக்கு ஏறக்குறையச் செலவே இல்லை.

மற்ற மரங்களுக்குக் கன்றுதான் வேண்டும். கன்றைத் தேர்ந்தெடுக்கையில் உயரத்தைப் பார்த்து மயங்குவது வழக்கம். எட்டடி உயரக் கன்று புகைப்படத்துக்கு அழகாயிருக்கலாம். ஆனால் அது நாற்றங்காலில் பாலித்தீன் பைக்குள் நெடுநாள் இருந்திருந்தால், அதன் வேர்கள் பையின் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நட்ட பிறகும் அவை அந்த வட்டத்தை விடுவதில்லை; மரம் பருக்கையில் வேரே தன் அடிமரத்தை இறுக்குகிறது. நடும்போது பையைக் கழற்றி, சுற்றிய வேர்களைப் பிரித்தோ நறுக்கியோ விடாத கன்று, மேலே எவ்வளவு தழைத்தாலும் நிலத்தோடு உறவில்லாதது. சிறிய கன்று, நேரான வேர், அகலமான குழி: இவையே நல்லன.

நட்ட கன்றை ஊன்றுகோலோடு அசையாமல் இறுக்கிக் கட்டுவதும் தவறு. மார்டெகாய் ஜாஃபே என்ற அமெரிக்கத் தாவரவியலார் 1973-இல், இளஞ்செடிகளின் தண்டை நாள்தோறும் சில வினாடிகள் தடவிக்கொண்டே வந்தால் அவை தடவப்படாத செடிகளைவிடக் குட்டையாகவும் தடிப்பாகவும் வளர்வதைக் காட்டினார். அசைவை உணரும் உயிரணுக்கள் அதற்கேற்ப உறுப்புகளைப் பலப்படுத்துகின்றன; காற்றில் ஆடும் கன்று அடிமரத்தைத் தடிக்கவைத்து, இழுபடும் பக்கத்து வேர்களுக்கு ஊட்டத்தை அனுப்புகிறது. கட்டு தளர்வாக, தாழ்வாக இருக்கவேண்டும். ஓராண்டுக்குப் பின் அவிழ்த்துவிடவேண்டும். கயிறும் கூண்டும் அடிமரத்தினுள் புதைந்துபோன மரங்களை நம் சாலைகளில் எத்தனையோ காண்கிறோம்.

காலத்தையும் கவனிக்கவேண்டும். 1950-இல் மத்திய அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி வன மகோற்சவம் என்ற மரம் நடும் விழாவைத் தொடங்கியபோது ஜூலை மாதத்தைத் தேர்ந்தது, தென்மேற்குப் பருவமழையை நம்பிய பெரும்பாலான இந்தியாவுக்குப் பொருத்தமே. ஆனால் சென்னைப் பக்கத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் கிடைக்கிறது. ஜூன், ஜூலையில் விழாவோடு நட்ட கன்று, அவ்வப்போது வரும் மாலை இடிமழையை எதிர்பார்த்துக் காத்திருக்க, செப்டம்பர் இறுதியில் நட்ட கன்று மூன்று மாத ஈரத்தில் வேரூன்றிவிடுகிறது. அது புயற்காலமும் ஆயிற்றே என்று அஞ்சவேண்டியதில்லை. இரண்டடிக் கன்றைக் காற்று சாய்ப்பதில்லை.

அதன்பின் வருவது கோடை. வர்தாவுக்குப் பிந்திய வரலாறு இதைக் கசப்பாகவே கற்பித்தது. 2016-இன் வடகிழக்குப் பருவமழை தமிழகமெங்கும் பொய்த்துப்போன காரணத்தால், புயலுக்குப் பின் நடப்பட்ட கன்றுகள் 2017-இன் கொடிய வறட்சியில் அகப்பட்டன. அதில் தப்பியவை, பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்ட 2019-இன் கோடையைச் சந்திக்க நேர்ந்தது. மனிதருக்கே லாரித் தண்ணீர் வந்த நாட்களில் கன்றுக்கு யார் ஊற்றுவார்? குளித்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றுவதற்கு எதிர்வீட்டில் ஒருவர் இருந்த கன்றுகளே பிழைத்தன என்று நினைக்கிறேன். குழியைச் சுற்றி இலைச்சருகால் மூடாக்கு இட்டால் அந்த ஒரு குடம் இரண்டு குடத்தின் வேலையைச் செய்யும். கோட்டூர்புரத்தில் குப்பைமேடாகக் கிடந்த நிலத்தை ‘நிழல்’ என்ற அமைப்பின் தொண்டர்கள் மரப் பூங்காவாக்கியது ஒரு நாள் விழாவினால் அல்ல. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வந்து வேலை செய்ததனால்.

விழுந்த மரத்தை நிமிர்த்தலாமா என்று புயலுக்கு மறுநாள் எல்லோரும் கேட்கிறார்கள். அடிமரம் நான்கு அங்குல விட்டத்துக்குள் இருக்கும் இளமரமானால், வேர் காயுமுன் ஈரச் சாக்கால் மூடி, சிதைந்த வேர்களைச் சீராக நறுக்கி, ஓரிரு நாட்களுக்குள் நிமிர்த்தி முட்டுக் கொடுத்தால் அது பிழைக்கக் கூடும். பெருமரத்தை நிமிர்த்துவது பெரும்பாலும் வீண் பிரயாசை மட்டுமன்று, ஆபத்தும் கூட. அறுந்த வேர்கள் மீண்டும் அதே வலிமையைப் பெறுவதில்லை. ஆல் மட்டும் விதிவிலக்கு. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-இல் காற்றில் சாய்ந்த பிறகும், விழுதுகளை ஊன்றிய அந்த மரம் இன்றும் நிற்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு, அடுத்த புயலில் பட்டாபிராமில் சில மரங்கள் விழவே செய்யும். அப்போது செய்யவேண்டிய காரியம் ஒன்றை இப்போதே தெருவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து ஆயத்தம் செய்துகொள்ளலாம். பாதையை அடைத்த கிளைகளை உடனே அகற்றத்தான் வேண்டும். ஆனால் வேர்த்தட்டை அறுத்து லாரியில் ஏற்றுமுன், ஒரு மாணவன் அளவு நாடாவுடன் அதன் அருகில் சென்று, மரத்தின் பெயர், வேர்த்தட்டின் அகலம், ஆழம், எந்தத் திசையில் சாய்ந்தது, எந்தப் பக்கத்து வேர்கள் முறிந்தன, எந்தப் பக்கத்தில் பழைய வெட்டுக்காயம் இருந்தது, அடியில் களிமண்ணா, சரளையா, கட்டட இடிபாடா என்பவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். கால்மணி நேர வேலை. அதே இடத்தில் அடுத்து வெட்டப்படும் குழி எவ்வளவு அகலம் இருக்கவேண்டும், எந்தப் பக்கம் மண்ணைத் திறந்துவிடவேண்டும், அங்கே மரமே வைக்கலாமா என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.